கனசாவா ரயில் நிலையம்: திருப்பதியிலிருந்து ஒரு மதிப்பீடு

2022ஆம் ஆண்டு திருப்பதி ரயில் நிலையத்தைப் புதிதாகக் கட்டுவதற்கான வரைபடங்களை ரயில்வே அமைச்சர் அஸ்வினி வைஷ்ணவ் சமூக ஊடகத்தில் வெளியிட்டபோது, கண்ணாடியும் எஃகுமாக நின்ற அந்தக் கட்டடத்தைப் பார்த்துவிட்டு, இது ஐ.டி. பார்க் மாதிரி இருக்கிறதே, ஏழுமலையான் ஊரின் சாயல் எங்கே என்று பலரும் கேட்டதும், மக்கள் கருத்தைக் கவனித்து வடிவமைப்பைத் திருத்துவதாக அவர் பதில் சொன்னதும் நம் பக்கத்தில் யாருக்கும் மறந்திருக்காது. ரேணிகுண்டாவிலிருந்து நகரி வரை டீக்கடைக்கு டீக்கடை இதே பேச்சாக இருந்தது. கோபுரம் வைத்தே ஆக வேண்டும் என்று ஒரு கட்சி. வண்டி ஏற இடமும் குடிக்கத் தண்ணீரும் இருந்தால் போதும், கோபுரம் கோயிலில் இருக்கட்டும் என்று இன்னொரு கட்சி. ஜப்பானில் உள்ள கனசாவா நிலையத்தைப் பார்த்து வந்த பிறகு எனக்குப் படுவது, இரண்டு கட்சியும் முகப்பைப் பற்றி மட்டுமே பேசின என்பதுதான். ஆகவே அந்த நிலையத்தை, திருப்பதி வாசலில் மூட்டையுடன் இறங்கிப் பழகிய ஒருவரின் கண்ணோட்டத்தில் இங்கே மதிப்பிடுகிறேன்.

கனசாவாவை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. ஜப்பானின் மேற்குக் கடல் பக்கம் இருக்கும் இந்த ஊரில் மக்கள்தொகை நாலரை லட்சத்துக்குச் சற்று மேல். 1583இல் மாயேதா தொஷியே என்ற தலைவர் கோட்டைக்குள் வந்தது முதல் அவருடைய வம்சமே ஏறத்தாழ முன்னூறு ஆண்டுகள் இங்கிருந்து ஆண்டது. அவர்கள் உருவாக்கிய கென்ரோக்குயென் தோட்டத்தைப் பார்ப்பதற்காகவே நாடெங்கும் இருந்து மக்கள் வருகிறார்கள். இரண்டாம் உலகப் போரில் குண்டுவீச்சுக்குத் தப்பிய ஊர் என்பதால் பழைய தெருக்களும் வீடுகளும் பெரும்பாலும் அப்படியே நிற்கின்றன. ஜப்பானில் தயாராகும் தங்கத் தகட்டில் 99 விழுக்காட்டுக்கு மேல் இந்த ஒரே ஊரில் அடிக்கப்படுகிறது. இத்தகைய ஊருக்கு மணிக்கு 260 கி.மீ. வேகத்தில் ஓடும் ஹொக்குரிக்கு ஷின்கான்சென் என்ற அதிவேக ரயில் 2015 மார்ச் 14 அன்று வந்து சேர்ந்தது. டோக்கியோவிலிருந்து ஏறத்தாழ 450 கி.மீ. தொலைவு, விரைவு வண்டியில் இரண்டரை மணி நேரம். நம் சித்தூரையும் ஒரு நிறுத்தமாகக் குறித்து ஆய்வு செய்யப்பட்ட சென்னை–பெங்களூரு–மைசூரு அதிவேகப் பாதையின் நீளம் 435 கி.மீ. என்பதை நினைத்துப் பார்த்தால், இந்த ஒப்பீடு வெறும் ஊர்சுற்றிப் பேச்சாக இராது.

வண்டியிலிருந்து இறங்கும் இடத்திலிருந்தே தொடங்குகிறேன். ஷின்கான்சென் நடைமேடைகள் உயரத்தில் இருக்கின்றன; தண்டவாளத்தின் ஓரமாகத் தடுப்புக் கதவுகள் உண்டு. நடைமேடைத் தூண்களின் மேற்பகுதியில் ஒரு பட்டை மங்கலாக மின்னுகிறது. அது வண்ணப்பூச்சு என்றே பலரும் நினைத்துக் கடந்து போவார்கள். நின்று அண்ணாந்து பார்த்தால்தான் தங்கத் தகடு ஒட்டப்பட்டிருப்பது தெரிகிறது. ஊர்ப் பெருமையைப் பறைசாற்றும் பலகை எதுவும் பக்கத்தில் இல்லை. கீழே இறங்கி வரும் நடைக்கூடத்தின் தூண்களுக்கு மரம் போர்த்தியிருக்கிறார்கள். குத்தானி பீங்கான், வஜிமா அரக்கு வேலை போன்ற அந்த மாகாணக் கைத்தொழில்களின் சிறு தகடுகளை அவற்றில் கண் மட்டத்தில் பதித்திருக்கிறார்கள். பெட்டியை இழுத்துக்கொண்டு ஓடுகிறவர் அவற்றைக் கவனிக்க மாட்டார். வண்டிக்கு அரை மணி நேரம் இருக்கிறவர் ஒவ்வொரு தூணாகப் பார்த்துக்கொண்டே வரலாம். ஊரின் கைவேலையைக் காட்டுவதற்கு இதைவிட நல்ல உயரமும் நல்ல அளவும் எனக்குத் தெரியவில்லை. நம் நிலையங்களில் சுவர் முழுக்கப் பெரிய ஓவியம் தீட்டி, அதன் முன்னாலேயே பார்சல் மூட்டைகளை அடுக்கி வைக்கும் வழக்கத்தை நினைத்தபோது கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது.

அடுத்தது, படம் எடுக்கிற யாரும் கவனிக்காத, ஆனால் என் கணக்கில் இந்த நிலையத்தின் மிகச் சிறந்த அம்சம். 1898இல் திறக்கப்பட்ட இந்த நிலையத்தின் பாதைகளை 1990இல் மேலே தூக்கிவிட்டார்கள். அதன் பயனாக, கிழக்கே பழைய நகரத்தை நோக்கிய கென்ரோக்குயென் வாசலிலிருந்து மேற்கே துறைமுகத்தை நோக்கிய வாசல் வரை, பாதைகளுக்கு அடியில் சமதளமான அகன்ற வழி ஒன்று செல்கிறது. அதில் நடக்க டிக்கெட் எதுவும் வேண்டியதில்லை. பள்ளிக்கூடப் பிள்ளைகளும், காய்கறிப் பையோடு வரும் பாட்டிகளும், பயணிகளும் ஒரே வழியில் கலந்து போகிறார்கள். ரயில் நிலையம் ஊரை இரண்டாக வெட்டுவது என்பது நமக்குப் பழகிப்போன துன்பம். திருப்பதியில் பாதைக்கு இந்தப் பக்கம் கோயிலும் கடைவீதியும், அந்தப் பக்கம் குடியிருப்புகள்; இரண்டுக்கும் நடுவில் மழை பெய்தால் நிரம்பிவிடும் வெஸ்ட் சர்ச் அண்டர்பிரிட்ஜ் போன்ற வழிகள். 2021 நவம்பர் வெள்ளத்தைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. அதிவேக ரயிலுக்காகக் கோடிக்கணக்கில் செலவழித்துப் பாதையைத் தூக்கும்போது, அதன் அடியில் ஊர் நடந்து போக ஒரு வழியை விட்டு வைப்பதுதான் பழைய நகரத்துக்குச் செய்யக்கூடிய முதல் மரியாதை என்பேன். முகப்பு எப்படி இருக்க வேண்டும் என்ற கேள்வியை அதற்குப் பிறகு எடுத்துக்கொள்ளலாம்.

இனி அந்த முகப்பு. 2005இல் கட்டி முடிக்கப்பட்ட கிழக்கு வாசலில் இரண்டு பகுதிகள் உண்டு. ஒன்று, அலுமினியச் சட்டங்களில் 3,019 கண்ணாடிகளைப் பொருத்திக் கட்டிய பெரிய குவிமாடம். மற்றொன்று, அதன் முன்னால் நிற்கும் 13.7 மீட்டர் உயர மரவாசல். இரண்டையும் வடிவமைத்தவர் ரியூசோ ஷிராயே என்ற கட்டடக் கலைஞர். கனசாவாவில் மழையும் பனியும் அதிகம். சோற்றுப் பெட்டியை மறந்தாலும் குடையை மறக்காதே என்பது அந்த ஊர்ப் பழமொழி. வெளியூரிலிருந்து வந்து இறங்குகிறவருக்கு ஊரார் குடை நீட்டுவதாக எண்ணி அந்த மாடத்தைக் கட்டியிருக்கிறார்கள். கருத்து அழகாக இருக்கிறது. பல கட்டடங்களில் கருத்து அழகாகவும் கூரை ஒழுகலாகவும் இருப்பதைப் பார்த்திருப்பதால், மழை நாளில்தான் இதை நம்ப முடியும் என்று நினைத்திருந்தேன். மழை தயக்கமில்லாமல் வந்தது. கண்ணாடியின் மேல் நீர் வரிவரியாக ஓடிக்கொண்டிருக்க, கீழே தரை காய்ந்து கிடக்க, என்னுடன் வந்த அத்தை முழங்கால் வலியை மறந்து மேலே பார்த்து நின்றார். “ஏண்டா, இவ்ளோ மழ பெய்யுது, ஒரு சொட்டு மேல விழலியே” என்றார். பேருந்து நிற்கும் இடம் வரைக்கும் கூரை இருந்ததால் குடையை விரிக்கவே இல்லை. பெட்டியைத் தூக்க வேண்டிய படியும் அந்த வழியில் இல்லை. அத்தையைப் போன்ற ஒருவருக்கு நிலையத்தின் தரம் இந்த முதல் நூறு அடியில்தான் முடிவாகிறது.

மரவாசலைப் பார்த்தவுடன் நமக்கு உடுக்கை நினைவுக்கு வரும். நோ என்ற ஜப்பானியப் பழைய நாடக வகையில் வாசிக்கப்படும் சுசுமி என்ற கைமுழவின் இடை சிறுத்த உடலையும் இழுத்துக் கட்டிய கயிறுகளையும் வைத்துத்தான் அதன் இரண்டு தூண்களும் முறுக்கி எழுப்பப்பட்டிருக்கின்றன. கனசாவாவில் நோ நாடகத்துக்கு மாயேதா வம்சத்தின் ஆதரவு நெடுங்காலம் இருந்ததால், அந்த வாத்தியம் ஊருக்குச் சொந்தமானதுதான். எங்கிருந்தோ கொண்டுவந்து ஒட்டிய சின்னம் என்று யாரும் சொல்ல முடியாது. தூணுக்கு அருகே சென்று பார்த்தால், மரச் சட்டங்கள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து சுழன்று மேலே போவது நெருக்கமாகத் தெரிகிறது. தூரத்தில் நின்று பார்க்கும்போது கனமாகத் தோன்றுவது, அருகில் பின்னல் வேலையாக மாறிவிடுகிறது. வாசல் கட்டி முடிந்த காலத்தில் கண்ணாடிக்கும் மரத்துக்கும் என்ன பொருத்தம், இவ்வளவு பெரிதாக எதற்கு என்று உள்ளூரிலேயே விமர்சனம் எழுந்தது. பிறகு 2011இல் ஓர் அமெரிக்கப் பயண இதழ் உலகின் அழகான நிலையங்களின் பட்டியலில் இதைச் சேர்த்தது. இப்போது ஊரின் விளம்பரங்களில் இந்த வாசல் இடம்பெறாமல் இருப்பதில்லை.

என் தீர்ப்பு இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. வாசல் அளவில் சற்றுப் பெரிதுதான். அதன் கீழே நடக்கும்போது மனிதன் சிறுத்துவிடுகிறான். ஆனால் அது நிலையத்தின் இயக்கத்துக்குள் தலையிடவில்லை. அந்த வாசலை நாளைக்கே பிரித்து எடுத்துவிட்டாலும் மழைக்கூரை நிற்கும், பேருந்து வரும், டிக்கெட் கேட் திறக்கும். அலங்காரம் தனியாகவும் வேலை தனியாகவும் நிற்பதால், அலங்காரத்துக்காக வேலையைக் கெடுக்க நேரவில்லை. கோபுர வடிவத்தைக் கட்டடத்தின் உடம்பிலேயே ஏற்றினால், ஜன்னல் வர வேண்டிய இடத்தில் பொம்மை வரும், காற்று வர வேண்டிய இடத்தில் சிமெண்ட் வரும். அந்த வகைப் பேருந்து நிலையங்கள் நம் இரண்டு மாநிலங்களிலும் இருக்கின்றன. பெயர் சொல்லத் தேவையில்லை.

இந்த வாசலுக்கு அருகிலேயே நீர்க்கடிகாரம் ஒன்று இருக்கிறது. சிறு நீர்த்தாரைகள் எழும்பி எண்களாக நின்று நேரம் காட்டுகின்றன, நடுவே வரவேற்புச் சொற்களையும் எழுதுகின்றன. குழந்தைகள் அதன் முன்னால் கூட்டமாக நின்றுவிடுகிறார்கள். எனக்கு அது வேடிக்கைப் பொருளாகப் பட்டதே தவிர, அதற்கு மேல் ஒன்றும் சொல்லத் தோன்றவில்லை.

கியோட்டோவையும் இங்கே சேர்த்துப் பேசாவிட்டால் ஒப்பீடு குறையாகிவிடும். கி.பி. 794இல் தலைநகராக நிறுவப்பட்ட அந்த ஊரின் 1,200ஆவது ஆண்டையொட்டிப் போட்டி நடத்தி, ஹிரோஷி ஹாரா என்ற கட்டடக் கலைஞரின் வடிவத்தைத் தேர்ந்து, 1997இல் இப்போதைய நிலையத்தைத் திறந்தார்கள். ஏறத்தாழ 60 மீட்டர் உயரமும் 470 மீட்டர் நீளமும் கொண்ட அந்தக் கட்டடத்தின் உள்ளே நிற்பது உண்மையிலேயே ஓர் அனுபவம்; 171 படிகள் கொண்ட பெரிய படிக்கட்டில் உட்கார்ந்து ஊர் மக்கள் மாலை நேரத்தைக் கழிக்கிறார்கள். ஆனால் வெளியே தெருவில் நின்று பார்த்தால், தாழ்ந்த ஓட்டுக்கூரைகளின் ஊருக்கு நடுவே சாம்பல் நிறச் சுவரொன்று நீளமாகப் படுத்திருக்கிறது. பௌத்த மடங்கள் அதன் உயரத்தை எதிர்த்ததில் வியப்பில்லை. உள்ளே இருப்பவருக்கு மகிழ்ச்சியும் வெளியே இருப்பவருக்குச் சுவருமாக அமைந்த அந்த நிலையத்தோடு பார்க்கும்போது, கனசாவா தன் ஊரின் மேல் ஏறி உட்காரவில்லை என்பது தெளிவாகத் தெரியும்.

வடிவம் எப்படி முடிவானது என்பதையும் மதிப்பிட வேண்டும். ஜப்பானில் புதிய ஷின்கான்சென் பாதைகளைக் கட்டும் அரசு அமைப்பு, ஒவ்வொரு நிலையத்துக்கும் முதலில் அந்த ஊர் நிர்வாகத்திடம் எத்தகைய நிலையம் வேண்டும் என்ற எண்ணத்தைக் கேட்டு வாங்குகிறது. பிறகு அதன் அடிப்படையில் மூன்று வடிவங்களை வரைந்து கொடுக்கிறது. ஊர் ஒன்றைத் தேர்ந்து சொல்கிறது. மூன்றில் ஒன்றைத் தேர்ந்தவர்கள் பிறகு முழுமையாக மகிழ்ச்சி அடைவார்கள் என்று யாரும் உறுதி தர முடியாது. இருந்தாலும், ஒரே ஒரு படத்தை வெளியிட்டுவிட்டு, திட்டு வாங்கிய பிறகு திருத்துவதைக் காட்டிலும் இது நாகரிகமான முறை. நம் நாட்டின் 508 கி.மீ. நீள மும்பை–அகமதாபாத் பாதையில் 12 நிலையங்களுக்கும் ஊர் அடையாளத்தை முகப்பில் கொண்டுவர முயல்கிறார்கள்: சூரத்துக்கு வைரம், வடோதராவுக்கு ஆலமரம், அகமதாபாத்துக்கு சிதி சையது மசூதியின் ஜாலி எனப்படும் கல் சல்லடை வேலையும் பட்டமும். 2017இல் உலகப் பாரம்பரிய நகரமாக யுனெஸ்கோ அறிவித்த அகமதாபாத்தில் எனக்கு நம்பிக்கை தருவது அந்த ஜாலி வடிவம் மட்டும் இல்லை. அதிவேக நிலையத்தை ஊருக்கு வெளியே பொட்டலில் வைக்காமல், காலுப்பூரில் இருக்கும் பழைய நிலையத்தின் நடைமேடைகளுக்கு மேலேயே எழுப்புகிறார்கள் என்பதுதான். வைரமும் ஆலமரமும் பத்து வருடத்தில் தூசி படிந்துவிடும். சாதாரண வண்டியிலிருந்து இறங்கி அதிவேக வண்டிக்கு நடந்தே மாற முடிகிறதா என்பது நூறு வருடத்துக்கும் கேட்கப்படும் கேள்வி.

குறைகளுக்கு வருகிறேன். கண்ணாடி மாடத்தின் பக்கங்கள் திறந்தே இருப்பதால் மழையைத் தடுக்கும் அது குளிர்காற்றைத் தடுப்பதில்லை. அங்கே நிற்கலாம், படம் எடுக்கலாம், நெடுநேரம் காத்திருப்பதென்றால் உள்ளேதான் போக வேண்டும். கிழக்கு வாசலுக்குக் கிடைத்த கவனத்தில் பாதிகூட மேற்கு வாசலுக்குக் கிடைக்கவில்லை. எந்த ஊரிலும் இருக்கக்கூடிய நிலைய வாசலாக அது நின்றுவிட்டது. நிலையத்துக்குள்ளேயே இனிப்பும் பீங்கானும் விற்கும் பெரிய கடைத்தெரு அமைந்திருப்பதால், ஊருக்குள் காலே வைக்காமல் ஊரின் பொருள்களை வாங்கிக்கொண்டு திரும்பும் வசதி இருக்கிறது. பழைய நகரத்துக் கடைக்காரர்கள் இதை எப்படிப் பார்ப்பார்கள் என்று யோசிக்காமல் இருக்க முடியவில்லை. பதினைந்து நிமிடம் நடந்தால் ஓமிச்சோ சந்தை வந்துவிடும் என்பதால் நடப்பதே நல்லது.

இவற்றையெல்லாம் அப்படியே திருப்பதிக்குக் கொண்டுவந்துவிட முடியாது. கனசாவா நிலையம் கோட்டைக்கும் தோட்டத்துக்கும் ஏறத்தாழ இரண்டு கி.மீ. தள்ளி நிற்கிறது; அது பெரிதாக இருந்தாலும் பழைய ஊரின் வானத்தை மறைப்பதில்லை. திருப்பதியில் கோவிந்தராஜ சுவாமி கோயில் நிலையத்திலிருந்து கூப்பிடு தூரம். அந்தக் கோபுரம் இருக்கும்போது அதற்குப் போட்டியாகச் சிமெண்ட் கோபுரம் ஒன்றை நிலையத்தின் தலையில் வைப்பது கோயிலுக்கும் அழகில்லை, நிலையத்துக்கும் அழகில்லை. வெளியே வருகிறவருக்கு அசல் கோபுரம் கண்ணில் படும்படி முன்வெளியைத் திறந்து வைத்தாலே போதும். இன்னொன்று, கனசாவாவில் இறங்குகிறவர் அரை மணி நேரத்தில் விடுதிக்குப் போய்விடுகிறார். நம் நிலையத்தில் இரவு இரண்டு மணிக்கு இறங்கும் குடும்பம் விடியும்வரை அங்கேதான் இருக்கும். எதிரே விஷ்ணு நிவாசம் என்ற தேவஸ்தான விடுதி நிரம்பிவிட்டால், தலையில் சந்தனம் காயாத மொட்டைப் பிள்ளைகளோடு போர்வையை விரித்து வாசலிலேயே படுத்துவிடுவார்கள். இங்கே படுக்காதே என்று விரட்டுகிற நிலையத்தைக் கட்டாமல், படுக்க வருவார்கள் என்று தெரிந்து நிழலும் குளியலறையும் பொருள் வைக்கும் இடமும் கணக்கிட்டுக் கட்டினால், அது கனசாவாவின் குடைக்கு நிகரான திருப்பதி வடிவமாக இருக்கும். நான் எடுத்து வந்த படங்களைப் பார்த்த எங்கள் தெரு பூக்கடைக்காரர், “எல்லாம் சரி நைனா, ராத்திரி ஜனம் எங்க படுக்கும்?” என்று கேட்டது இதைத்தான்.

சித்தூரின் நிலைமை வேறு. அங்கே அதிவேக நிலையம் வந்தால் அது வயல்வெளிக்கு நடுவே புதிதாக எழும்பக்கூடும்; நிலம் அளக்க வந்தபோதே விவசாயிகளின் எதிர்ப்பையும் பார்த்தோம். ஊருக்கு வெளியே நிற்கும் நிலையத்துக்கு முகப்பில் எந்தச் சின்னத்தை வைப்பது என்பதைவிட, பழைய நிலையத்துக்கும் பேருந்து நிலையத்துக்கும் என்ன இணைப்பு என்பதை முதல் வரைபடத்திலேயே கேட்டுவிட வேண்டும். மூன்று வடிவம் கேட்கும் முறை அங்கே உதவும். தெலுங்கிலும் தமிழிலும் அவற்றை ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டி வைப்பதற்குப் பெரிய செலவு எதுவும் ஆகாது.

கனசாவாவுக்குப் போக விரும்புகிறவர்களுக்குச் சில செய்திகள். டோக்கியோவிலிருந்து ஒரு வழிக் கட்டணம் ஏறத்தாழ 14,000 யென், மலிவில்லை. கியோட்டோ பக்கமிருந்து வருகிறவர்கள், 2024 மார்ச் 16 அன்று ஷின்கான்சென் சுருகா வரை நீட்டிக்கப்பட்டதிலிருந்து, சுருகாவில் வண்டி மாற வேண்டும். விரைவு வண்டி கீழ்த்தளத்திலும் ஷின்கான்சென் மேல்தளத்திலும் நிற்பதால் பெரியவர்களோடு போகிறவர்கள் லிஃப்ட் எங்கே என்று முன்கூட்டியே பார்த்துக்கொள்வது நல்லது. கனசாவாவில் இறங்கியதும் கென்ரோக்குயென் வாசல் என்ற பலகையைப் பிடித்துக்கொண்டு வந்தால் மாடத்துக்கு வந்துவிடலாம். சுற்றுலாத் தகவல் மையம் நிலையத்துக்குள்ளேயே இருக்கிறது, அங்கே ஆங்கிலம் பேசுகிறார்கள். சைவச் சாப்பாட்டுக்கு நிலையத்தை நம்ப வேண்டாம். காய்கறிச் சூப் என்று எழுதியிருந்தாலும் அதன் அடியில் மீன் சாறு இருப்பது அந்த நாட்டின் இயல்பு; நெற்றியில் நாமம் போட்டுக்கொண்டு போகிறவர்கள் புளியோதரை கட்டிக்கொண்டு போவதே உத்தமம்.

மாடத்துக்கும் நடைவழிக்கும் முழு மதிப்பெண் தருவேன். மரவாசலுக்கு முக்கால். மேற்கு வாசலுக்குப் பாதிகூட அதிகம்.